தாயார் கையெழுத்துப் போட வேண்டிய இடம்

இல்லக்கா, அவகிட்டக் கேக்காதீங்க. அவ பேச மாட்டா. எது கேக்கணுமோ எங்கிட்டக் கேளுங்க, நான் சொல்லுதேன்.

ஆமா, எம் மகதான். யோகஸ்ரீன்னு பேரு. ஒம்பதாப்பு படிக்கா. கோவில்பட்டிதான் எங்களுக்கு. நீங்க எதுவரைக்கும்? கழுகுமலையா? நாங்க சங்கரன்கோவில் போறோம், எங்க நாத்தனா வீட்டுக்கு. விசேசமெல்லாம் ஒண்ணுமில்ல. ஸ்கூல் விட்டதும் வாசல்ல இருந்தே கூட்டியாந்துட்டேன், யூனிபாரத்தக்கூட மாத்த விடல. பாத்தீங்களா, நீங்க ‘அம்மாகூட ஊருக்கா’ன்னு கேட்டதும் எம் மூஞ்சியப் பாத்தா. எப்பவும் அப்படித்தான். யாரு என்ன கேட்டாலும் மொதல்ல எம் மூஞ்சியப் பாத்துக்கிடுவா. நான் வளத்த வளப்பு அப்படி.

இந்த மஞ்சப்பைய ஏன் மடியவிட்டு எறக்கலைன்னு பாக்கீங்களா? செவ்வாக்கிழமைல இருந்து இப்படித்தான் பிடிச்சுக்கிட்டே இருக்கேன். பயம்.

ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க டீச்சர் இல்லையே? கோவில்பட்டில ஸ்கூல்ல வேலை பாக்குற சொந்தபந்தம் யாரும் உண்டா? மளிகைக் கடையா. அப்பச் சரி. நீங்க கழுகுமலைல எறங்கிருவீங்க, நீங்க யாரோ நான் யாரோ. யாருகிட்டயாவது சொல்லியே ஆகணும்க்கா.

நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எம் புள்ளைக்கு டி.சி. கிழிச்சுக் குடுக்கப் போறாக. குடுக்காம இருக்கணும்னா ஒரு கையெழுத்து வேணும். அந்தக் கையெழுத்தப் போடுற ஆளு சங்கரன்கோவில்ல இருக்கு. அதுக்குத்தான் போறேன்.

யாரு கையெழுத்தா? தாயார் கையெழுத்து.

நீங்க முழிக்கிறது தெரியுது. நாந்தான் தாயி. இவளப் பெத்தது நாந்தான், கோவில்பட்டி பெரியாஸ்பத்திரில, ரெண்டு நாளு வலில கெடந்து. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

நான் அஞ்சாப்புக்கு மேல படிக்கல. சின்னதுல தீப்பெட்டி ஆபீஸ் வேலை, இப்போ கடலை மிட்டாய் கம்பெனில பாக்கெட் போடுதேன். எங்க வீட்டுக்காரரு லோடு ஆட்டோ ஓட்டுதாக. ஒத்தப் புள்ள. இவளாவது இங்கிலீசு படிக்கணும்னு ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். நல்ல ஸ்கூலுதான், ஊருக்கே தெரியும், பேரு வேண்டாம். அங்க ஒரு வழக்கம் என்னன்னா, எல்.கே.ஜி. சேக்கப் போனா புள்ளையப் பாக்க மாட்டாக, தாய் தகப்பனத்தான் பாப்பாக. உள்ள உக்கார வச்சு இங்கிலீசுலயே கேப்பாக. எங்க தெரு ஆனந்தவல்லி போனா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாகளாம், இவ பே பேன்னு முழிச்சிருக்கா. சீட்டு இல்லன்னுட்டாக. அவ மகன் அன்னைக்கு ஏ, பி, சி, டி மூச்சுவிடாமச் சொல்லுவான், அவனை ஒரு வார்த்தை கேக்கல.

அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சு. என் ரோசனைதான்க்கா, வேற யாரும் சொல்லிக் குடுக்கல. எங்க வீட்டுக்காரருக்குக் கூடப்பொறந்த தங்கச்சி ஒருத்தி, செண்பகவல்லி. பி.காம். முடிச்சிட்டு வீட்ல இருந்தா, கல்யாணம் ஆகல. நல்லா இங்கிலீசு பேசுவா. அவளுக்கு எம் பட்டுச்சேலையக் கட்டிவிட்டு, எந் தாலிச்செயினப் போட்டுவிட்டு, ‘நீதான் யோகஸ்ரீக்கு அம்மா, ஒம் பேரு முப்பிடாதி’ன்னு அனுப்பி வச்சேன். என் பேரு முப்பிடாதி. புருசனும் பொஞ்சாதியுமா அண்ணனையும் தங்கச்சியையும் அனுப்ப முடியுமா? அதனால தகப்பன் துபாய்ல இருக்காகன்னு சொல்லச் சொல்லிட்டேன்.

போனா. பேசுனா. கையோட சீட்டு குடுத்துட்டாக. பாரத்துல தாயார்னு இருக்கிற கட்டத்துல அவ போட்டோ, பக்கத்துல கையெழுத்து. என் பேரத்தான் போட்டா, இங்கிலீசுல, ஒரு வளைவு வளைச்சு, கீழ ஒரு கோடு இழுத்து. சர்டிபிகேட்டெல்லாம் அவுக கேக்கவே இல்ல. அன்னைக்கு நான் கேட்டுக்கு வெளிய கரும்புச்சாறு வண்டி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். சந்தோசத்துல அழுகையே வந்துட்டுது.

அப்புறம் என்ன, எங்க வீட்டுக்காரரு இவளைக் கொண்டுபோய் விடணும்னா பிள்ளையார் கோயில் முக்குலயே எறக்கி விட்டுருவாக. துபாய்ல இருக்கிறவரு லோடு ஆட்டோல வந்து நின்னா என்ன ஆகும்? நானும் கேட்டுப் பக்கம் போறதில்ல. மீட்டிங்கு, ரேங்க் கார்டு, ஆண்டு விழா எல்லாத்துக்கும் செண்பகம்தான். கல்யாணமாகி சங்கரன்கோவில் போன பொறவும், ஒரு மீட்டிங் விடாம பஸ் ஏறி வந்துட்டுப் போவா. டைரில மிஸ்ஸுக எழுதி விடுறத நான் போட்டோ பிடிச்சு அனுப்புனா, அவ படிச்சுச் சொல்லுவா. அந்த மட்டுக்கும் அவளைக் குத்தம் சொல்ல முடியாது.

இதுல பெரிய சோதனை எதுன்னு கேட்டா, இந்தப் புள்ளதான். மூணரை வயசு. ‘எங்க அம்மா மிட்டாய் கம்பெனிக்குப் போகுது’ன்னு ஒரு மிஸ்ஸுகிட்டச் சொன்னாப் போச்சு, அம்புட்டுதான். அதனால தெனமும் தலைசீவி விடும்போது சொல்லிக் குடுப்பேன். ஸ்கூல்ல யாரு என்ன கேட்டாலும்? ஒடனே வெரலத் தூக்கி வாய்மேல வச்சுக்கிடுவா. வீட்ல யாரு இருக்கா? வெரலு வாய்மேல. அப்பா எங்க? வெரலு வாய்மேல. வாயத் தொறந்தா என்ன குடுப்பாக? ‘டி.சி.’ன்னு சொல்லுவா, மழலைல, அம்புட்டு அழகா இருக்கும். டி.சி.ன்னா என்னன்னே தெரியாது அப்போ. பிசாசு பேருன்னு நெனைச்சிருக்கா.

ஒருதடவ சொன்னதப் பிடிச்சுக்கிட்டாக்கா. பதினோரு வருசம். ஒரு வார்த்தை வெளிய விட்டதில்ல. எந்தப் புள்ள இருக்கும் சொல்லுங்க?

ஆனா பாருங்க, இங்கிலீசு மட்டும் வரல.

எல்.கே.ஜி. போச்சு, யு.கே.ஜி. போச்சு, எட்டாப்பும் வந்துட்டுது. கூடப் படிக்கிற புள்ளைக தஸ்ஸு புஸ்ஸுன்னு பேசுதுக. இவ எழுதச் சொன்னா மனப்பாடம் பண்ணுனத அப்படியே எழுதிருவா, ஒரு வார்த்தை மாத்திக் கேட்டா நின்னுருவா. நின்னு பேசுன்னா தரையப் பாப்பா. வகுப்புல வாயே தொறக்க மாட்டேங்கான்னு ஒவ்வொரு வருசமும் டைரில எழுதி விடுவாக. ஏன்னே எனக்குத் தெரியல. நாக்குல வசம்பு தடவுனேன். டியூசன் மாத்துனேன். திருச்செந்தூர் போய்த் நாக்குல தேனால வேலெழுதிட்டு வந்தோம். திருநெல்வேலில காது மூக்குத் தொண்டை டாக்டர்கிட்டக்கூடக் காட்டிட்டோம். தொண்டை சுத்தமா இருக்குன்னுட்டாரு. நல்லா இருக்கிற தொண்டைல இருந்து பேச்சு ஏன் வரலைன்னு கேட்டேன், அவரு இவளைப் பாத்தாரு, இவ என்னையப் பாத்தா.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

போன ஆவணில இவளுக்குச் சடங்கு வச்சோம். சின்ன மண்டபம்தான். ஸ்கூல்ல யாரையும் கூப்பிடல, கூப்பிடவும் முடியாது. எப்படியோ தெரிஞ்சு இவகூடப் படிக்கிற ரெண்டு புள்ளைக பரிசைத் தூக்கிக்கிட்டு வந்து மொத வரிசைல உக்காந்துட்டுதுக. எனக்கு அது தெரியாது. போட்டோக்காரன், ‘பொண்ணோட அம்மா மேல வாங்க’ங்கான். நான் சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறுதேன். இவ என்ன பண்ணுனா தெரியுமா? எட்டி செண்பகத்தோட கையப் பிடிச்சுக்கிட்டா. அவளும் பக்கத்துல போய் நின்னுட்டா. போட்டோக்காரன் என்னையப் பாத்து, ‘நீங்க கொஞ்சம் ஒதுங்குங்கம்மா’ங்கான்.

எங்க ஆளுக எல்லாம் பாத்துக்கிட்டிருக்கு. எனக்கு வந்துச்சே கோவம். இந்தப் புள்ளைய என்ன சொல்ல முடியும்? சபைலயே செண்பகத்தப் பாத்துக் கேட்டுட்டேன், ‘பெத்தாத்தானட்டி தாயி, வவுத்துல ஒண்ணத்துக்கும் வழியில்லாதவளுக்கு எதுக்கு இந்த ஆசை’ன்னு. அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருசம், புள்ள இல்ல. எறங்கிப் போயிட்டா, சாப்பிடக்கூட இல்ல. அன்னையோட பேச்சும் நின்னுபோச்சு, மீட்டிங்குக்கு வாரதும் நின்னுபோச்சு. கோவத்துல வந்த வார்த்தை, அதை இன்னமும் மனசுல வச்சிருக்கா. இருக்கட்டும்.

இந்த வருசம் ஸ்கூலுக்குப் புது மிஸ் வந்திருக்காக. ஜெபசெல்வி மிஸ்ஸுன்னு, நாசரேத்துப் பக்கம். எல்.கே.ஜி.ல இருந்து இங்கயே படிச்சும் இங்கிலீசு வராத புள்ளைகளா ஒம்பதாப்புல பொறுக்கி எடுத்தாகளாம். பதினோரு புள்ளைக. அதுல இவளும் ஒருத்தி. அடுத்த வருசம் பத்தாப்பு, பரிச்சைல ஒண்ணுகூடப் பெயிலாகக் கூடாதுன்னு பெரிய மிஸ்ஸு எல்லாத்துக்கும் டி.சி. குடுக்கச் சொல்லியிருக்காக. இந்த ஜெபசெல்வி மிஸ்ஸுதான், ‘பதினோரு வருசம் நம்மகிட்டப் படிச்ச புள்ளைக மேடம், எங்கிட்ட விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்’னு கேட்டு வாங்கி, சாயந்தரம் ஒரு மணி நேரம் தனியா உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்காக.

நல்லதுன்னுதான் நெனைச்சேன். அப்புறம் என்ன சொல்லிக் குடுக்காகன்னு இவகிட்டக் கேட்டேன். கேட்டா, தமிழ்ல பேசச் சொல்லுதாகளாம். எப்படி இருக்கு? இங்கிலீசு படிக்கணும்னு பதினோரு வருசம் இந்தப் பொய்யச் சொல்லிச் செத்துக்கிட்டிருக்கேன், இவுக தமிழ்ல பேசச் சொல்லுதாக. அதுவும் என்ன பேசச் சொல்லுதாகன்னு நெனைக்கீங்க? காலைல ஒன்னைய யாரு எழுப்புனா? வீட்ல யாரு யாரு இருக்கா? அம்மா என்ன வேலை பாக்காக? அந்தப் புள்ளைக தமிழ்ல சொல்லச் சொல்ல, மிஸ்ஸு அதையே போர்டுல இங்கிலீசுல எழுதுவாகளாம். பொறவு அதைத்தான் வாசிக்கணுமாம். அவங்கவங்க வாயில வந்ததுதான் அவங்கவங்களுக்குப் பாடம்.

இது பாடமா, போலீஸ் விசாரணையா? பழையபடி தலைசீவும்போது ஆரம்பிச்சிட்டேன். மிஸ்ஸு வீட்டப் பத்திக் கேட்டா? இவ்வளவு ஒசரம் வளந்த புள்ள, வெரலத் தூக்கி வாய்மேல வச்சா.

மூணு மாசம் மிஸ்ஸும் விடல, இவளும் பேசல. அப்புறம் ஒருநாள் மிஸ்ஸு, ‘வீட்டப் பத்தி வேண்டாம், ஒனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வேலையச் சொல்லு’ன்னு கேட்டிருக்காக. இவ கடலை மிட்டாய் எப்படிப் போடுறதுன்னு சொல்லிட்டா. சனிக்கிழமை எங்கூடக் கம்பெனிக்கு வருவா, எல்லாம் தெரியும். வெல்லப்பாகை எப்போ எறக்கணும், தண்ணில ஒரு சொட்டு விட்டுப் பாத்தா எப்படி ஒடையணும், கடலையக் கொட்டிக் கட்டையால எப்படித் தேய்க்கணும், சூடு ஆறுறதுக்குள்ள எப்படி வெட்டணும். மடமடன்னு சொல்லியிருக்கா. மிஸ்ஸு எழுத எழுத ரெண்டு போர்டு நெறைஞ்சு போச்சாம். அன்னைக்குச் சாயந்தரம் நோட்டத் தூக்கிக்கிட்டு ஓடியாந்து, நான் பாத்திரம் தேய்க்கையில நின்னு எனக்கு வாசிச்சுக் காட்டுனா. முழுப் பக்கம்க்கா. எங்கயும் நிக்கல. மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? ‘இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தான்னு மிஸ்ஸு கேட்டாகளா?’ கேட்டாகளாம். இவ சொல்லலையாம். இருந்தாலும் எழுத்துல இருக்கே. கையில இருந்து நோட்ட வாங்கி, அந்தப் பக்கத்தக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். துபாய்க்காரரு மகளுக்கு மிட்டாய் கம்பெனி எப்படித் தெரியும்னு யாராவது யோசிச்சா? ஒரு பக்கம்தான போச்சு, மறுபடி எழுதிக்கிடலாம்.

அழுவாளான்னு பாத்தேன். அழல. அம்புட்டு வெவரமான புள்ள.

என்னக்கா, அப்படிப் பாக்கீங்க?

கிழிச்சதுதான் வெனையாப் போச்சு. மிஸ்ஸு மறுநாள் நோட்டப் பாத்திருக்காக. யாரு கிழிச்சான்னு கேட்டிருக்காக, இவ வாயத் தொறக்கல. அதுக்கப்புறம் தமிழ்லயும் பேசல, இங்கிலீசுலயும் பேசல. ஒடனே டைரில எழுதி விட்டுட்டாக, தாயார் நேர்ல வரணும்னு. செண்பகத்துக்குப் போட்டோ பிடிச்சு அனுப்புனேன், பாக்கவே இல்ல. மூணுதடவ எழுதி விட்டாக. இந்தச் செவ்வாக்கிழமை வரலைன்னா டி.சி.தான்னு எழுதியிருக்குன்னு இவளே படிச்சுச் சொன்னா. வேற வழியில்லாம நானே போனேன். பதினோரு வருசத்துல மொதத் தடவையா அந்தக் கேட்டுக்குள்ள கால வச்சேன்.

வராண்டால போறேன். எதுக்க ஜெபசெல்வி மிஸ்ஸு வாராக, பக்கத்துல இவ. மிஸ்ஸு நல்லாத் தமிழ்லதான் கேட்டாக. ‘வாங்கம்மா, நீங்க யோகஸ்ரீக்கு…?’ன்னு நிப்பாட்டுனாக. அம்மான்னும் சொல்ல முடியாது, வேற என்ன சொல்லுறதுன்னும் ரோசிச்சு வைக்கல. அப்போ இவ எம் மூஞ்சிய ஒரு பார்வை பாத்தா. பாத்துட்டு மிஸ்ஸு பக்கம் திரும்பிச் சொல்லுதா, ‘ஷீ இஸ் மை ஆன்ட்டி, மிஸ். மை மதர் ஹேஸ் ஃபீவர். ஷீ வில் கம் ஆன் ஃப்ரைடே.’

கணீர்னு. மணி அடிச்ச மாதிரி.

எனக்கு அப்போ அந்த ஆன்ட்டி மட்டும்தான் புரிஞ்சுச்சு; அம்மாவுக்குக் காய்ச்சல், வெள்ளிக்கிழமை வருவாகன்னு சொன்னதப் பொறவு இவகிட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மிஸ்ஸுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. இவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாக. ‘பதினோரு வருசத்துல இவ யாரும் சொல்லிக் குடுக்காம, தானா, முழுசா இங்கிலீசுல பேசுனது இதுதாங்க மொதத் தடவை’ன்னு எங்கிட்டச் சொல்லுதாக. எங் கையப் பிடிச்சு, ‘ஆன்ட்டி, இவங்க அம்மாகிட்டப் போய் மறக்காமச் சொல்லுங்க, ஒங்க மக எப்படிப் பேசுனான்னு. கேட்டா எவ்வளவு சந்தோசப்படுவாங்க’ன்னாக.

சொல்லுதேன் மிஸ்ஸுன்னேன்.

எனக்கும் பெருமைதான்க்கா. இல்லாமலா? எம் புள்ள இங்கிலீசு பேசிட்டா, அதுவும் என்னையக் காப்பாத்துறதுக்குப் பேசியிருக்கா. வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு உக்காந்தேன். சாயந்தரம் வரைக்கும் எந்திரிக்க முடியல. அம்மாகிட்டச் சொல்லுங்கன்னாகளே, அதுவே காதுல நின்னுக்கிட்டு. யாருகிட்டப் போய்ச் சொல்ல? செண்பகத்துகிட்டயா?

அன்னைக்குத்தான் இந்தப் பாரத்தக் குடுத்து விட்டாக. இந்தா, மஞ்சப்பைக்குள்ள இருக்கு. மிஸ்ஸு எனக்குத் தமிழ்ல வாசிச்சுச் சொன்னாக. டி.சி. வேண்டாம், புள்ள இங்கயே பத்தாப்பு படிக்கட்டும், தெனமும் அந்த வகுப்புல உக்காரட்டும்னு தாயி சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேர்ல வந்து பெரிய மிஸ்ஸுகிட்டக் குடுக்கணும். அதோட இன்னொண்ணு. வாரத்துக்கு ஒருநாள் தாயி வந்து இவ பக்கத்துல உக்காந்து பேசணுமாம். இங்கிலீசு தெரியாட்டிப் பரவாயில்லையாம். தமிழ்ல பேசுனாப் போதும், வீட்டுப் பேச்சு பேசுனாப் போதும், அதுல இருந்துதான் இவளுக்கு இங்கிலீசு வரும்னு மிஸ்ஸு சொல்லுதாக. இதை எல்.கே.ஜி.லயே சொல்லியிருக்கக் கூடாதா? அஞ்சாப்புக்காரி எனக்கு வீட்டுப் பேச்சு வராதா?

நான் கேட்டேன், ‘மிஸ்ஸு, ஆன்ட்டி கையெழுத்துப் போட்டாச் செல்லுமா?’ செல்லாதாம். தாயார்தான் போடணுமாம். பழைய பாரத்துல இருக்கிற கையெழுத்தோட ஒத்துப் பாப்பாகளாம்.

மிட்டாய் கம்பெனி அட்டைல போட்டுப் போட்டுப் பாத்தேன். அந்த வளைவு வரவே இல்ல. முப்பிடாதிங்கிறது என் பேருதான். எம் பேர எனக்கு எழுத வரல.

நேத்து செண்பகத்துக்குப் போன் போட்டேன். அவ எடுக்கல, அவ புருசன்தான் எடுத்தாரு. நேர்ல வந்து பேசுங்கன்னாரு. போய்க் கால்ல விழப்போறேன். அவ வரலைன்னா என்ன பண்ணுறதுன்னு தெரியல. வந்தாலும் பயந்தான். வாராவாரம் வந்து இவ பக்கத்துல உக்காந்து பேசுவா. இப்பவே சபைல அவ கையத்தான் பிடிச்சா. ஒரு வருசம் போனா என்ன ஆகும்?

நானே போறதா? நாந்தான் தாயின்னு சொல்லுறதா? என்னக்கா இப்படிச் சொல்லுதீங்க. பதினோரு வருசப் பொய். ஆள் மாறாட்டம்னு போலீஸ்ல குடுத்துட்டா? பேப்பர்ல போட்டுட்டா? எங்க வீட்டுக்காரரு ரோட்ல ஆட்டோ ஓட்ட வேண்டாமா? தாயி பொய்க்காரின்னு இவளைத் தொரத்திட்டா? வேண்டாம்க்கா. செண்பகம் வந்து போட்டுட்டுப் போகட்டும்.

என்ன, கழுகுமலை வந்துட்டுதா? வெளக்குத் தெரியுது, ஆமா. பையப் பாத்து எடுத்துக்கிடுங்க. டீ குடிக்கப் பத்து நிமிசம் நிப்பாட்டுவான், அவசரமில்ல.

இவகிட்டயா? கேளுங்க, கேளுங்க. ஆனாச் சொல்ல மாட்டா. ஏட்டி, பெரியம்மா என்னமோ கேக்காக பாரு, இந்தப் பக்கம் திரும்பு. ‘இவங்க ஒனக்கு யாரும்மா’ன்னு கேக்காக. சொல்லு.

எம் மூஞ்சிய ஏன் பாக்க? இது ஸ்கூல் இல்லட்டி, பஸ்ஸு. இங்க யாரும் இல்ல. சொல்லு. பெரியம்மா எறங்கணும்.

என்ன? சத்தமாச் சொல்லு, காதுல விழல.

இல்லக்கா, ஒண்ணுமில்ல. நீங்க எறங்குங்க.

இல்ல, எறங்காதீங்கக்கா. ஒரு நிமிசம் உக்காருங்க. இவ எங்காதுல என்ன கேட்டா தெரியுமா? ‘எதைச் சொல்லணும்?’னு கேக்கா. இவங்க யாருன்னு கேட்டதுக்கு, எதைச் சொல்லணும்னு எங்கிட்டக் கேக்கா.

இதுக்குத்தானா பதினோரு வருசமா எம் மூஞ்சியப் பாத்தா? நான் வளப்புன்னுல்ல நெனைச்சேன். பயந்து போயில்ல பாத்திருக்கா. டாக்டரு அன்னைக்கே பாத்தாரே, அவருக்குத் தெரிஞ்சிருக்கும். இன்னைக்கு இவளைக் கூட்டிக்கிட்டு அந்த வீட்டுக்குப் போய், இன்னொருத்தி கால்ல விழுந்து, வந்து தாயா இருன்னு கேக்கப் போறேன். இவ அதையும் பக்கத்துல நின்னு பாப்பா. பாத்துட்டு அதையும் யாருகிட்டயும் சொல்ல மாட்டா.

ஏட்டி, பேனா இருக்கா? குடு.

வாய ஏன் மூடுத, பேனாவக் குடுன்னேன்.

தமிழ்லதான் போடப்போறேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான். ஒத்து வராதுன்னு தெரியும்க்கா. நாளைக்குக் காலைல நானே பெரிய மிஸ்ஸு முன்னால போய் நிக்கேன், என்ன வேணும்னாலும் பண்ணட்டும். செண்பகத்துகிட்டப் பொறவு போவேன். அவ கால்ல விழணும்தான், அது வேற காரணத்துக்கு. அக்கா, நீங்க இந்தப் பேப்பரோட ஓரத்தப் பிடிச்சுக்கிடுங்க. கடவுளே, என்ன ஆகப்போகுதோ. எங்கன போடணும், எல்லாம் இங்கிலீசாவுல்ல இருக்கு.

நீங்க சொல்லாதீங்க, அவ சொல்லுதா. ஏதோ வாசிக்கா பாருங்க. ‘சிக்னேச்சர் ஆஃப் தி மதர்’ங்கா. வெரலால தொட்டுக் காட்டுதா, ‘இங்கன போடும்மா’ங்கா.

எம் மூஞ்சியப் பாக்கலக்கா. பேப்பரத்தான் பாத்துச் சொன்னா.

வண்டி நின்னுட்டுதுல்ல? ஏட்டி, அந்தப் பக்கம் நல்லா அழுத்திப் பிடி. ‘மு’ போட்டுட்டேன்.